மூடிய சுரங்கத்தின் மேல் மழை

வரதய்யபாளையத்தில் நிலக்கரி இல்லை. ஆயினும் நிலக்கரியின் புவியியல் பேச்சு அந்த ஊரை முற்றிலும் தவிர்த்துச் சென்றுவிடுவதில்லை. அருகிலுள்ள சத்தியவேட்டின் பெயரால் வழங்கும் பாறையடுக்கு ஒன்று இந்தியப் புவியியல் நூல்களில் இடம்பெற்றிருக்கிறது; கூழாங்கற்களும் மணலும் இறுகிக் கட்டிய அந்த அடுக்கை மேல் கோண்டுவானாவில் சேர்ப்பர். ஜாரியா, ராணிகஞ்சு, சிங்கரேணி ஆகிய இடங்களில் நிலக்கரியைத் தந்தது அதனினும் பல கோடி ஆண்டுகள் மூத்த கீழ்க் கோண்டுவானா. குடும்பப் பெயர் ஒன்றாயினும் சொத்து மூத்த கிளையிலேயே தங்கிவிட்டது. அந்தச் சொத்தின்மை வரதய்யபாளையத்துக்குச் செய்த நன்மை, அதன் ஏரிகளும் ஓடைகளும் கால்களும் வெட்டப்பட்ட இடத்திலேயே இன்றும் கிடப்பதுதான்.

2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கும் இப்பகுதியில் தமிழும் தெலுங்கும் ஒரே வயலில் உழுகின்றன. நீரைப் பற்றிய சொற்களில் அவ்வுறவு தெளிவாகத் தெரியும். ஏரியிலிருந்து பாசனத்துக்கு நீர் விடும் அமைப்பைத் தமிழ் தூம்பு என்றது. தெலுங்கு தூமு என்கிறது. ஏரி நிரம்பியபின் மிகைநீர் வழிந்தோடக் கட்டிய இடம் தமிழில் கலிங்கு, தெலுங்கில் கலுஜு. இதே சொல்லைச் சென்னை மாகாணத்துப் பொதுப்பணித் துறை ஆங்கிலத்தில் 'காலிங்குலா' என்று எழுதிக்கொண்டது. வெள்ளைக்காரப் பொறியாளரிடம் அதற்கு ஈடான சொல் இல்லாமையால் ஊராரிடமே கடன் பெற்றார். கம்பாக்கம் மலையில் உள்ள உப்பலமடுகு அருவியின் பெயரில் நிற்கும் மடுகு, தமிழ் மடுவின் உடன்பிறப்பு. நிலத்தின் சரிவை நூற்றாண்டுகளாகக் கவனித்தவர்களின் மொழியில் மட்டுமே இத்தனை நுணுக்கமான சொற்கள் தங்கும்.

ஒரு ஏரியின் கலிங்கில் வழிந்த நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும். அங்கிருந்து மற்றொன்றுக்கு. கடைசியில் காளங்கியோ ஆரணியாறோ அதை வாங்கிப் பழவேற்காட்டு ஏரியில் சேர்க்கும். இத்தொடரை நடத்தியவர் நீர்கட்டி. தெலுங்கு, கன்னடப் பகுதிகளில் நீருகண்டி. எந்த மடையை எந்த நாழிகையில் திறப்பது, எந்தக் கரையில் எலி வளை இருக்கிறது, எந்த வயல் முதலில் வடிய வேண்டும் என்பதெல்லாம் அவருடைய நினைவில் இருந்தன. அவரிடம் வரைபடம் கிடையாது. நிலத்தின் இரண்டு அங்குலச் சரிவு அவர் காலுக்குத் தெரியும்.

ஒரு சுரங்கம் நிலத்திலிருந்து எதை எடுத்துவிடுகிறது என்று கேட்டால் 'நிலக்கரியை' என்பதே வழக்கமான விடை. அந்த இரண்டு அங்குலச் சரிவை என்பதே துல்லியமான விடை. இதைப் பார்ப்பதற்கு வரதய்யபாளையத்திலிருந்து தெற்கே கடலூர் மாவட்டத்துக்குச் செல்ல வேண்டும்.

நெய்வேலியின் கதை தண்ணீரில் தொடங்கியது என்பதை அதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரு சுவையான தகவலாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தோண்டிய கிணற்றில் தானாகப் பொங்கிய நீரோடு கரிய துகள்களும் வந்தன. அத்துகளைத் தொடர்ந்த ஆய்வுகளின் முடிவில் 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957 மே 20 அன்று முதல் சுரங்கப் பணியை நேரு தொடங்கி வைத்தார். எனினும் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தென்பட 1961 ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம் நீர். படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கும் நீர்த்தேக்கப் பாறையடுக்கு, மேலிருக்கும் பாரத்தை அகற்றினால் சுரங்கத்தின் தரையையே உடைத்துக்கொண்டு மேலெழும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகளை அமைத்து, இரவும் பகலும் இறைத்து, அந்த அழுத்தத்தைக் கீழே இறக்கி வைத்த பிறகே கரியை எடுக்க முடிந்தது. அன்று தொடங்கிய இறைப்பு நின்றதில்லை. நெய்வேலியைப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் என்பதைப் போலவே, அறுபது ஆண்டுகளாக ஓடும் ஒரு பெரும் கமலை என்றும் சொல்லலாம்.

கரிக்கு மேலே கிடக்கும் செம்மண், களிமண், மணற்பாறை அனைத்தையும் சுரங்கத் தொழில் ஒரே சொல்லில் குறிக்கிறது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு 'மேலே கிடக்கும் சுமை' என்று பொருள். கரி எடுப்பவனின் பார்வையில் அது சுமையே. ஆனால் முந்திரியும் பலாவும் வேர்விட்டிருந்தது அந்தச் சுமையில்தான். ஊற்றும் ஓடையும் ஊரும் இருந்தது அதன் மேல்தான். நெய்வேலியின் தமிழ் வழக்கு இதனை 'மேல்மண்' என்று மாற்றிக்கொண்டது. சுமையை மண்ணாக்கிய அளவில் அது நல்ல மாற்றம். ஆனால் எண்பது மீட்டர் ஆழம் வரை செல்லும் பல்வகை அடுக்குகளை 'மேல்மண்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கும்போது, உழவர் மேல்மண் என்று சொல்லும் அந்த ஒரு சாண் உயிருள்ள மண் சொல்லிலேயே புதைந்துபோகிறது. களத்தில் அது புதைவதற்கு முன்பே அகராதியில் புதைந்துவிடுகிறது.

சுழலும் சக்கரத்தில் வாளிகள் பொருத்திய ராட்சத மண்வெட்டும் இயந்திரங்கள் இந்த அடுக்குகளைச் சீவி எடுக்கும். கன்வேயர் பட்டை அவற்றைக் கொண்டுபோகும். மறுமுனையில் உள்ள ஸ்பிரெடர் கரி எடுத்து முடிந்த குழியில் கொட்டும். இயந்திரங்களின் ஒழுங்கைப் பார்த்தால் வியப்பு உண்டாவது இயல்பு. ஆனால் கீழே கிடந்தது மேலே வருவதும் மேலே இருந்தது அடியில் போவதும் இந்த முறையில் எளிதாக நேர்ந்துவிடும். மேற்பரப்பு மண்ணைத் தனியே ஒதுக்கி வைத்து இறுதியில் பரப்பினாலன்றி, பல லட்சம் ஆண்டுகள் ஒளியையே காணாத மணலில் விதை ஊன்ற வேண்டியிருக்கும். அதில் தழைச்சத்து கிடையாது, மட்கு கிடையாது, வேரோடு கூடி வாழும் பூஞ்சையும் கிடையாது.

இக்குறையை நெய்வேலி நிறுவனம் கண்டுகொள்ளவில்லை என்று சொல்வது அநீதி. கொட்டிய மண்ணில் காடு வளர்த்திருக்கிறது, பழத்தோட்டம் போட்டிருக்கிறது, பழுப்பு நிலக்கரியிலிருந்தே ஹியூமிக் அமிலம் எடுத்து மண்ணுக்கு ஊட்டமாக்கும் வழியை அதன் ஆய்வு மையம் உருவாக்கியிருக்கிறது. எரிப்பதற்காக எடுத்த கரியின் ஒரு கைப்பிடி, அது கிடந்த நிலத்துக்கே மருந்தாகத் திரும்புவதில் ஏதோ ஒரு நேர்மை இருக்கிறது. மீட்கப்பட்ட நிலத்தின் புகைப்படங்களில் பசுமை பொய்யன்று.

ஆனால் புகைப்படத்தில் சரிவு தெரியாது. மரம் சரிவைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை. நெல் கவலைப்படும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்பது மீட்டர் மண்ணைக் கிளறினால் அது உப்பும். நூற்றுக்கு இருபது பங்கு உப்பும் என்று கொண்டால் தொண்ணூற்றாறு மீட்டர் ஆகும். இடையில் பதினைந்து மீட்டர்க் கரியை எடுத்துவிட்டாலும் குழி நிரம்பி, நிலம் பழைய மட்டத்துக்கு ஏறக்குறைய வந்துவிடும். காகிதத்தில் மனநிறைவு தரும் கணக்கு இது. ஆனால் கொட்டிய மண் அப்படியே நிற்பதில்லை, ஆண்டுக்கணக்கில் அமிழ்ந்துகொண்டேயிருக்கும். அந்தத் தொண்ணூற்றைந்து மீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அமிழ்ந்தாலும் ஏறத்தாழ ஒரு மீட்டர். அதுவும் எங்கும் சமமாக அமிழாது. களி விழுந்த இடத்தில் ஒரு அளவு, மணல் விழுந்த இடத்தில் வேறொரு அளவு. கடற்கரைச் சமவெளியில் ஒரு பாசன வாய்க்காலுக்கு ஐயாயிரத்துக்கு ஒன்று என்ற வாட்டம் வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு இருபது சென்டிமீட்டர்தான் இறக்கம். ஒரு மீட்டர் கணக்கில் தாறுமாறாக இறங்கும் தரையில் இருபது சென்டிமீட்டர் வாட்டம் எப்படி நிலைக்கும்? நீர் நடுவழியில் தேங்கும். அல்லது போகக் கூடாத திசையில் போகும். சுரங்க நிலத்தில் காடு வளர்ப்பது எளிதாகவும் நன்செய் மீட்பது அரிதாகவும் இருப்பதற்கு மண்ணின் சத்துக் குறைவு பாதிக் காரணம்தான். மறுபாதி இந்த இருபது சென்டிமீட்டர்.

மேலும், முதன்முதலில் வெட்டிய பள்ளத்தின் மண்ணைக் குழிக்கு வெளியேதான் குவித்திருப்பர்; அப்போது நிரப்புவதற்குக் குழியே இராது. அந்தக் குவியல் ஒரு மலையாக ஒரு முனையில் நிற்கும். அதற்கு ஈடான வெற்றுக்குழி, சுரங்கம் முடியும் நாளில் மறுமுனையில் எஞ்சும். சமவெளியாக இருந்த இடத்தில் ஒரு மலையும் ஒரு பள்ளமும். மலையில் பெய்யும் மழை சரிவை அரித்துக்கொண்டு இறங்கும். வண்டல் அருகிலுள்ள ஓடையையும் ஏரியையும் தூர்க்கும். இதைத் தடுப்பதற்காகவே குவியலைப் படிப்படியாக வெட்டி, அடியில் மாலைபோல் ஒரு வடிகாலைச் சுற்றி, வண்டல் தங்கும் குட்டைகளை அமைக்கச் சொல்கின்றனர். அமைப்பது கடினமன்று. சுரங்கம் மூடி, அலுவலகமும் குடியிருப்பும் காலியான பிறகு, பத்தாவது ஐப்பசியில் அந்தக் குட்டையைத் தூர்வாரப் போவது யார் என்பதே கேள்வி.

குவியலுக்கு அடியில் ஊற்று இருக்கிறதா என்று பார்க்காமல் கொட்டியதன் விளைவை வேல்ஸ் நாட்டின் அபர்வான் கண்டது. 1966 அக்டோபர் 21 காலை, மழையில் ஊறிய ஏழாம் எண் கழிவுக்குவியல் மலையிலிருந்து சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தனர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். அந்தக் குவியல் நின்றது ஒரு நீரூற்றின் மேல். ஊரார் அதை அறிந்திருந்தனர், சொல்லியும் இருந்தனர். எஞ்சிய குவியல்களை அகற்றுவதற்கு, உலகெங்குமிருந்து இறந்தோர் குடும்பங்களுக்காக வந்த நன்கொடை நிதியிலிருந்தே 150,000 பவுண்டை அன்றைய அரசு வாங்கிக்கொண்டது. அந்தத் தொகை 1997இல்தான் திரும்பித் தரப்பட்டது, அதுவும் வட்டியில்லாமல். வடிகால் என்பது பொறியாளரின் துணைப்பிரிவு என்று எண்ணுவோர் இச்செய்தியை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

நெய்வேலிக்குத் திரும்பினால், அங்கே வடிகாலுக்கு ஒரு பெயர் உண்டு: பரவனாறு. வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றைத் தொட்டுக் கடலூரை நோக்கிச் செல்லும் சிறிய ஆறு. சுரங்கம் விரிய விரிய இந்த ஆறு வழிமாற வேண்டியிருந்தது. சுரங்கத்திலிருந்து இறைத்த நீரும் சுரங்கப் பரப்பில் விழுந்த மழைநீரும் இதன் வழியே ஏரிகளைச் சேர்ந்தன. அதனால் இருவகை வழக்குகள் உண்டாயின. மழைக்காலத்தில் சுரங்க நீரால் வயல் மூழ்குகிறது, வண்டலால் ஏரி தூர்ந்துவிட்டது என்பது ஒன்று. கோடையிலும் வாலாஜா ஏரிக்கு நீர் வருகிறது, அதை நம்பிப் பயிர் வைக்கிறோம் என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்வோர் ஒரே ஊரினராகவும் இருப்பர். இதில் முரண் ஏதும் இல்லை. ஒரு நீர்வழியின் பொறுப்பு ஒரு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டால், வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் அதனிடமே போய் நிற்க வேண்டியிருக்கும்.

2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் கதிர் பிடித்து நின்ற நெல்வயலுக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. சுரங்க விரிவாக்கத்துக்குத் தேவையான, பரவனாற்றை நிரந்தரமாக மாற்றுவதற்கான கால்வாய் அது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது; கால்வாயின் பெரும்பகுதி ஏற்கெனவே வெட்டி முடிந்தது; எஞ்சிய சிறு பகுதிக்காகவே இந்த வேலை என்று நிறுவனம் சொன்னது. நிலத்தை எடுத்தீர்கள், ஆனால் பயன்படுத்தாமல் விட்டீர்கள், நாங்கள் பயிர் வைத்தோம், அறுவடைக்குச் சில வாரம் பொறுத்திருக்கக் கூடாதா என்று உழவர் கேட்டனர். சென்னை உயர் நீதிமன்றம் பயிரிழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பயிர்களை அழித்ததைப் பற்றி நிகழ்ந்த விவாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சந்தடியில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே போயிற்று. சுரங்கம் இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகளில் முடிந்த பிறகு அந்தப் புதிய பரவனாற்றுக்குச் சொந்தக்காரர் யார்? கரை உடைந்தால் யாரிடம் போவது? ஆறுகள் வழிமாறுவது புதிதன்று. அவை தாமாக மாறும்போது நிலமும் உடன் மாறிக்கொள்ளும். வரைபலகையில் கோடிட்டு மாற்றிய ஆற்றுக்கு அந்த வசதி இல்லை. அதன் கரையை ஆண்டுதோறும் ஒருவர் காக்க வேண்டும்.

நில எடுப்பில் மொழியே செய்யும் ஒரு தந்திரமும் உண்டு. வருவாய்த்துறைப் பதிவில் வயலுக்குப் பட்டா உண்டு. பட்டாவுக்கு விலை உண்டு. ஓடை, வாய்க்கால், ஏரி, களம், மேய்க்கால் எல்லாம் புறம்போக்கு. வரிக்குப் புறம்பாக விடப்பட்டது என்ற பொருளில் பிறந்த சொல், யாருக்கும் உரியதன்று என்ற பொருளுக்கு நழுவி, இன்று வசைச்சொல்லாகவும் வழங்குகிறது. இழப்பீட்டுப் பட்டியலில் வயல்கள் ஒவ்வொன்றாக எண்ணப்படும். அவற்றை வயல்களாக்கிய வாய்க்கால், அரசின் ஒரு துறையிலிருந்து மற்றொரு நிறுவனத்துக்கு ஓர் ஆணையில் கைமாறும். எண்ணாமல் எடுத்ததை எண்ணித் திருப்பித் தர யாராலும் முடியாது. மூடல் திட்டங்களில் 'வடிகால் மீட்பு' மெலிந்த அத்தியாயமாக இருப்பதற்கு வேரே இங்குதான் இருக்கிறது.

மூடல் திட்டம் என்பதே இந்தியாவில் பின்னால் வந்த சிந்தனை. நிலக்கரி அமைச்சகம் 2009இல் முதன்முறையாக விரிவான வழிகாட்டுதலை வெளியிட்டது. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய், நிலத்தடிச் சுரங்கத்துக்கு 1 லட்சம் என்ற கணக்கில் ஒரு தனிக் காப்புக் கணக்கில் பணம் கட்ட வேண்டும் என்றது. 2013இல் அது திருத்தப்பட்டது, தொகையும் பின்னர் உயர்ந்தது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சுரங்கம் முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்ப்பதைக் குத்தகையின் நிபந்தனையாக்க வேண்டும் என்றது. இவை அனைத்தும் வரவேற்கத் தக்கவை. எனினும் மூடிய பிறகு கண்காணிக்க அந்த வழிகாட்டுதல் வைத்த காலம் மூன்று ஆண்டு. மண் அமிழ்வது பத்தாண்டுக் கணக்கில். நிலத்தடி நீர் பழைய மட்டத்துக்கு ஏறுவதும் பத்தாண்டுக் கணக்கில். மூன்று ஆண்டில் புல் முளைத்ததா என்று பார்க்கலாம். தென்னை காய்ப்பதைக்கூடச் சில வகைகளில் பார்க்க முடியாது.

மூன்று ஆண்டு போதாது என்பதை உணர்ந்த ஒரு மொழி ஜெர்மன். ரூர் பள்ளத்தாக்கில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலத்தடியில் கரி எடுத்ததனால் சில இடங்களில் தரை இருபது மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டது. ஆறுகள் தம் கரையோர நகரங்களைவிட உயரத்தில் ஓடுகின்றன. பம்புகளை நிறுத்தினால் பல லட்சம் மக்கள் வாழும் பகுதிகள் ஏரியாகிவிடும். அங்கே கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடியது. பம்புகள் மூடவில்லை, மூடவும் முடியாது. இந்தச் செலவுக்கு அவர்கள் வைத்த பெயரை 'நித்தியச் சுமைகள்' என்று தமிழாக்கலாம். அதைச் சுமப்பதற்கென்றே 2007இல் ஓர் அறக்கட்டளையை நிறுவி, சுரங்க நிறுவனத்தின் சொத்துகளை அதன்பால் ஒப்படைத்தனர். சமயச் சொற்களஞ்சியத்திலிருந்து 'நித்தியம்' என்னும் சொல்லைக் கணக்கேட்டுக்குக் கொண்டுவந்தது சாதாரணச் செயலன்று. ஒரு சொல் அகராதிக்குள் வந்தபின் அதற்கு நிதி ஒதுக்காமலிருப்பது கடினமாகிவிடுகிறது.

நெய்வேலிக்கு இன்னும் நெருக்கமான ஒப்பீடு கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்சு. அங்கேயும் பழுப்பு நிலக்கரி. அங்கேயும் திறந்தவெளிச் சுரங்கம். அங்கேயும் இடைவிடாத இறைப்பு. 1990க்குப் பிறகு பெரும்பாலான சுரங்கங்கள் மூடப்பட்டன; குழிகளை நீரால் நிரப்பி ஏரிகளாக்கினர். படகும் கடற்கரை நாற்காலியும் வந்துவிட்டன. ஆனால் நிலத்தடி நீர் மீண்டும் ஏறியபோது, காற்றுப்பட்டு மாறியிருந்த இரும்பையும் கந்தகத்தையும் கரைத்துக்கொண்டு வந்து ஸ்பிரே ஆற்றைப் பழுப்பாக்கியது. கொட்டிய மணல் நீரில் ஊறும்போது திடீரென்று கூழாகிச் சரியும் இயல்பும் வெளிப்பட்டது. நாட்டின் மற்றொரு பழுப்பு நிலக்கரிப் பகுதியான நாக்டர்ஸ்டெட்டில் 2009 ஜூலையில் சுரங்க ஏரியின் கரை சரிந்து வீடுகள் நீருக்குள் போயின, மூவர் இறந்தனர். இவற்றைவிட எண்ணத் தக்கது வேறொன்று. நூறாண்டாகச் சுரங்கங்கள் இறைத்த நீரால் ஸ்பிரே ஆறு தன் இயல்புக்கு மேல் கொழுத்துவிட்டது. பெர்லின் நகரம் அந்த நீருக்குப் பழகிவிட்டது. இறைப்பு நின்றால் வறண்ட கோடையில் ஆறு வெகுவாக மெலியும் என்று ஜெர்மானியச் சுற்றுச்சூழல் முகமை 2023இல் எச்சரித்தது.

பெர்லின் என்னும் இடத்தில் வாலாஜா ஏரியின் ஆயக்கட்டை வைத்துப் பார்த்தால் நெய்வேலியின் நாளைய நாள் ஓரளவு புலப்படும். சுரங்கம் மூடும் நாளில் கமலையும் நிற்கும். பரவனாற்றுக்கு வந்துகொண்டிருந்த கோடை நீர் நிற்கும். இரு தலைமுறையாக அந்த நீரை ஏரிநீர் என்றே நம்பிப் பழகிய உழவர்கள் அது சுரங்கத்தின் நீர் என்பதை அப்போதுதான் உணர்வர். அதே வேளையில் அடியில் அழுத்தி வைத்திருந்த நீர்மட்டம் மெல்ல ஏறி, எஞ்சிய பள்ளத்தை நிரப்பத் தொடங்கும். நெய்வேலிக் கரியில் கந்தகம் ஒப்பளவில் குறைவென்பது ஒரு நல்லூழ்; லவுசிட்சின் பழுப்பு ஆறு இங்கே அப்படியே திரும்ப வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்தப் பள்ளத்து ஏரிக்குத் தூம்பு எங்கே, கலிங்கு எங்கே, ஐப்பசிப் பெருமழையில் அது வழிந்தால் எந்த ஊருக்குள் போகும் என்பனவற்றை இப்போதே வகுத்தாக வேண்டும். மண்ணைக் கொட்டும்போதே வகுக்காத சரிவைப் பின்னர் வகுப்பதற்கு மலையைத் திரும்பவும் தோண்ட வேண்டியிருக்கும்.

இதில் சென்னைக்கும் பங்குண்டு. வரதய்யபாளையம் வட்டாரத்தின் வழியே 1996 முதல் கிருஷ்ணா நீர் தெலுங்கு கங்கைக் கால்வாயில் சென்னைக்குப் போகிறது. தெற்கே 2004 முதல் வீராணத்து நீர், சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து குழாய் வழியே அதே நகரத்துக்குப் போகிறது. வறண்ட ஆண்டுகளில் நெய்வேலி வட்டாரத்து ஆழ்குழாய்க் கிணறுகளின் நீரும் அதில் சேர்ந்ததுண்டு. மின்சாரத்தையும் நீரையும் ஒரே நிலத்தினின்று பெறும் மாநகரம், அந்த நிலம் மூடப்படும் நாளின் செலவில் தனக்கும் ஒரு வரி இருக்கிறதென்று நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. 2023 ஏப்ரலில் கிழக்கு சேத்தியாத்தோப்பு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகளும் ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டபோது எழுந்த மகிழ்ச்சி உண்மையானது. புதிய குழி வேண்டாம் என்று சொல்வதற்குத் திரண்ட ஆற்றலில் கால்பங்குகூடப் பழைய குழியை எப்படி மூடுவது என்ற கேள்விக்குத் திரளவில்லை. எதிர்ப்பதற்கு ஒரு நாள் போதும். மூடல் திட்டத்தின் வரைபடத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, ஊர் மன்றத்தில் விரித்து, இந்த ஓடை இப்படிப் போகாது என்று சொல்வதற்குப் பல மாதம் வேண்டும்.

அப்படி விரித்துப் பார்ப்பதற்கு ஆளும் வேண்டும். பொறியாளரின் மட்டக்கருவி அளக்கும் சரிவும் நீர்கட்டியின் கால் அறிந்த சரிவும் ஒன்றுதான். ஆனால் முதலாமவர் ஒருமுறை அளந்து போய்விடுவார், இரண்டாமவர் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அளப்பார். அமிழ்ந்துகொண்டேயிருக்கும் நிலத்துக்கு இரண்டாவது வகை அளவே பொருந்தும். காப்புக் கணக்கின் தொகையில் மரக்கன்றுக்கும் வேலிக்கும் பந்தி உண்டு. ஆண்டுதோறும் வாய்க்காலின் வாட்டத்தைச் சரிபார்த்து, தாழ்ந்த இடத்தில் மண்ணிட்டு, மேடான இடத்தில் செதுக்கி, வண்டல் குட்டையைத் தூர்வாரி, கலிங்கின் கல்லை மாற்றி வைக்கும் ஆளுக்கு முப்பது ஆண்டுச் சம்பளம் என்றொரு பந்தியும் வேண்டும். வட ஆர்க்காட்டிலும் சித்தூரிலும் பழைய நாளில் நீர்கட்டிக்குக் களத்திலேயே படி அளந்தனர். அறுவடை குறைந்தால் அவர் பங்கும் குறைந்தது. மீட்ட நிலத்தில் முதல் சில ஆண்டுகளுக்கு அறுவடையே இராது என்பதால், இந்த நீர்கட்டிக்குப் பணமாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.